கலாஸ் மரம்

அபுதாபிக்கு வெளியே, பட்டறைகள் நிறைந்த முசஃபாவுக்குப் போகும் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும். நகக்கண்ணில் எரு ஒட்டியிருந்தது. பாஸ்போர்ட் முதலாளியிடமே தங்கிவிட்டது. அதைவிட, கார் கண்ணாடியைத் துடைத்தபடி திரும்பாமல் நின்ற டிரைவரின் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

எண்பதுகளின் நடுவில், அபுதாபியில் ஓர் அரபி வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே செடிகளுக்குக் குளிர்காலம்தான் நல்ல காலம். கோடை காய்ச்சி எடுத்தபின் எலுமிச்சையும் அத்தியும் பேரீச்சையும்தான் மிஞ்சும். வெயில் தணிந்ததும் மண்ணைக் கொத்தி, ஆட்டெரு கலந்து, மல்லி விதைத்து, புதினா வேரைப் பிரித்து நடவேண்டும். இந்தக் குளிர்காலத்துக்குத் தோட்டம் பச்சையானால் நான் அங்கேயே இருக்கலாம் என்று முதலாளி டிரைவர் மூலமாகச் சொல்லியிருந்தார். எந்த இடத்திலும் ஆறு மாதம் தாண்டாத எனக்கு, முதல்முறையாக இருந்துவிடலாம் என்று தோன்றியது.

பாத்தி போடும் இடத்தில் இரண்டு இளம் பேரீச்சைகள் நின்றன. முதலாளி ஒன்றைக் காட்டி, "மாஃபி ஜேன்" என்றார். நல்லதில்லை. வெட்டிவிட வேண்டியதுதான். மற்றதைத் தட்டிக்கொடுத்து, "ஹாதா கலாஸ்" என்றார். ஹாதா என்றால் இது, கலாஸ் என்றால் முடிந்தது. டூட்டி முடிந்தாலும் கலாஸ், சோறு தீர்ந்தாலும் கலாஸ். ஆனால் மரம் செழிப்பாக இருந்தது. அவர் தட்டிக்கொடுத்த விதமும் உறுத்தியது. டிரைவரிடம் கேட்டேன். என் பக்கத்து ஊர்க்காரர், அரபி நன்றாகத் தெரிந்தவர்.

"அண்ணே, இதையுமா வெட்டணும்?"

"நாலாப்பு படிச்சவன் கேக்குற கேள்வியப் பாரு. கலாஸ்னா என்னடா?"

"முடிஞ்சுபோச்சுன்னு."

"அப்பறமென்ன? ரெண்டையும் சாச்சுட்டுப் பாத்தியப் போடு."

குருத்தோடு சாய்த்தேன். மத்தியானம் முதலாளி வந்தார். வெட்டப்பட்டுக் கிடந்த மட்டைகளில் ஒன்றைக் குனிந்து எடுத்தார். பிறகு கத்தினார்.

"அண்ணே, நீங்க சொல்லித்தான் வெட்டினேன்னு சொல்லுங்க."

டிரைவர் அரபியில் ஏதோ சொன்னார். 'மஜ்னூன்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. பைத்தியக்காரன். முதலாளி வாசலைக் காட்டினார்.

பையை எடுக்கப் போனபோது, சமையல்கட்டில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா சொன்னார்: "கலாஸ் எண்டது ஒரு பேரீச்சம்பழச் சாதி, தம்பி. முதலாளியின்ர அம்மா வீட்டு மரத்தடியில முளைச்ச கண்டு அது. உங்கட டிரைவர்தானே வருசா வருசம் அந்தப் பழத்தைக் கூடையில கொண்டு வாறவர்? அவருக்குத் தெரியாதோ? தன்ர மச்சானுக்கு இந்த வேலையைக் கேட்டுத் திரிஞ்சவர்."

மறுநாள் காலை முசஃபாவில் ஒரு வெல்டிங் பட்டறையில், இரும்புக் கேட்டுகளில் துரு சுரண்டும் வேலை கிடைத்தது. கம்பி பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்காரர், "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். எந்தக் கேட் என்று அவரையே கைவைத்துக் காட்டச் சொன்னேன். காட்டிய பிறகுதான் அதன்மேல் பிரஷ்ஷை வைத்தேன்.