ரோட்டுக்கு மேலே ஒரு கிளை

போன வாரம் உடும்பஞ்சோலையில் இருந்தேன். தங்கை ஸ்டெல்லா வீடு. அவள் கணவர் அருளுக்கு அங்கே சின்னதாக ஓர் ஏலத்தோட்டம்.

அந்த வீட்டில் யாரும் அலாரம் வைத்துப் படுப்பதில்லை. விடியும்போது கருமந்திக் குரங்குக் கூட்டத்தின் ஆண், மர உச்சியில் உட்கார்ந்து 'ஹூ... ஹூ...' என்று தொண்டையைத் திறக்கும். அதற்கப்புறம் யார் தூங்குவது? இந்த முறை நான் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது.

"என்ன மாப்பிள்ளை, உங்க ஆளு லீவா?" என்றேன் கிண்டலாக. அருள் காபி டம்ளரோடு எழுந்து வெளியே போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாது.

ஸ்டெல்லாதான் சொன்னாள். மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கிளை கழித்துக் கவாத்து செய்வார்கள் — ஏலச்செடிக்கு வெளிச்சம் வேண்டுமே. ஆனால் ஜீப் ரோட்டுக்கு மேலே இரு பக்கத்துக் கிளைகளும் சேர்கிற இடத்தில் மட்டும் யாரும் அரிவாள் வைப்பதில்லை. அது கருமந்திகளின் வழி. இலை தின்று மரத்திலேயே வாழ்கிற பிராணி. மண்ணில் இறங்குவதென்றால் அதற்குப் பாதி உயிர் போய்விடும்.

இந்த வருஷம் கடிபட்ட ஏலக்காய்களைப் பார்த்து அருளுக்குக் கோபம். "வழி இருந்தாத்தான வரும்? அதையும் வெட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

"ரோட்டோரத்துல ரொம்ப நேரம் உக்காந்து பாத்துச்சுக அண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "அப்புறம் வேற வழியில்லாம எறங்குச்சுக. வளைவுல ஆளேத்திட்டு வந்த ஜீப்பு..."

குட்டியோடு இறங்கிய ஒரு தாய் அங்கேயே முடிந்துவிட்டது. வயிற்றைப் பற்றியிருந்த குட்டி பிழைத்தது — இன்னும் கறுக்காத செம்பட்டைக் குட்டி. இன்னொரு பெண்மந்தி இறங்கி வந்து அதை அள்ளிக்கொண்டு போனதாம். பிள்ளையை மாற்றி மாற்றிச் சுமக்கிற பழக்கம் அவற்றுக்கு உண்டு. சுமக்கலாம்... பாலுக்கு எங்கே போகும்? அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அன்றைக்குப் போன கூட்டம் திரும்பவில்லை. ஏலக்காயோ இப்போதும் கடிபடுகிறது. அணில் வேலையாம். கோபத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் சாட்சியைக் கூப்பிடுவதே இல்லை.

சாயங்காலம் அருள் ரோட்டுக்குக் குறுக்கே மரத்துக்கு மரம் வடக்கயிறு கட்டினார். கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"மச்சான், அந்தப் பக்கம் 'ஹூ'ன்னு கூப்பிட்டாப்ல இல்ல?"

காற்றுதான் அடித்தது.

"ஆமா மாப்பிள்ளை, எனக்கும் கேட்டுச்சு" என்றேன்.

வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?