கிறிலுக்கு வைத்த பஞ்சு

இரண்டாயிரத்துப் பத்து நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் அந்தக் காரை வாங்கினேன். ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்துக் கப்பலேற்றிய ஹைபிரிட். பாதி பெற்றோல், பாதி பற்றறி. சாம்பல் நிறம். மூடுபனிக்குள் நிறுத்திவிட்டு வந்தால், திரும்பிப் போகும்போது பனியைக் கையால் துழாவித்தான் காரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்போதும் நாங்கள் இறம்பொடைக்குச் சற்று மேலே இதே வாடகை வீட்டில்தான் இருந்தோம். பெரிய பாதையிலிருந்து இறங்கும் ஒரு சிமெந்துப் பாதையின் முடிவில் வீடு. நான் படிப்பிக்கும் பாடசாலை நுவரெலியாவில். காலையில் ஏற்றம், பின்னேரம் இறக்கம். ஒரே மலையை ஏறி இறங்கியே வயது போனது எனக்கு. ஆனாலும் மலை பழகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தேயிலை வேறு பக்கம் முகம் திருப்பிக்கொள்ளும். அருவி ஒன்று கூடவே வரும், மறையும், பிறகு எதிர்பாராத பக்கத்திலிருந்து இரையும்.

பெற்றோலுக்காக வாங்கினேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. நின்றால் சத்தமும் நின்றுவிடுகிற ஒரு வண்டி எனக்கு வேண்டியிருந்தது. என் மனைவிக்காக.

ஓடிப்போகிற வண்டிச் சத்தம் அவளை ஒன்றும் செய்யாது. நின்றபடி ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்தான். மேலே பாதையில் ஒரு பஸ் ஆளுக்காகக் காத்து நின்று உறுமினால் போதும், அரிசி களையும் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிடும். எழுந்து ஜன்னலுக்குப் போவாள். அங்கிருந்து வாசலுக்கு. வண்டி போகும்வரை அப்படியே நிற்பாள். அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசம் வந்த பிறகுதான் அவளுக்கு வீட்டு நினைவு திரும்பும்.

காரணம் எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில், எங்களுக்குக் கல்யாணம் ஆகுமுன், அவள் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அவர்களுடைய லயத்துக்கு மேலே தோட்டத்து ரோடு, ரோட்டோரத்தில் மலைத் தண்ணீர் விழுகிற, எல்லோரும் குளிக்கிற பீலி. பட்டப்பகல், ஆனால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. அவன் துண்டை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனான். ஒரு வண்டி வந்து ரோட்டில் நின்றது. என்ஜினை அணைக்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் அப்படி நிற்கிற வண்டி ஒன்றே ஒன்றுதான். தோட்டத்து லொறி. அதன் ஸ்டார்ட்டர் செத்து வருஷக்கணக்காகிவிட்டது. அணைத்தால் தள்ளிவிட ஆள் சேர்க்க வேண்டும் என்பதால், கொழுந்து ஏற்றினாலும் நோயாளியை ஏற்றினாலும் டிரைவர் அதை ஓடவிட்டே வைத்திருப்பார். குழந்தைகள்கூட அந்தச் சத்தத்துக்குத் தூக்கம் கலைய மாட்டார்கள். ஆகவே லயத்தில் யாரும் தலையை வெளியே நீட்டவில்லை. வெகுநேரமாகியும் பையன் வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோது பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் வடியும் கானில் சவுக்கார நுரை. லொறி அன்று முழுவதும் ஃபெக்டரியில் நின்றிருக்கிறது.

வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. பொலிஸ், ஆமி என்று கேட்காத வாசல் இல்லை. எல்லா வாசலிலும் ஒரே பதில், எங்களிடம் இல்லை. சடங்கு செய்யவும் முடியவில்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

குடும்பத்தில் உள்ள நோயைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுவதைப்போல என் மாமியார் இதை என்னிடம் சொன்னார். "ஒருத்தருக்கும் தோணல தம்பி. நம்ம லொறின்னே இருந்துட்டோம்." அப்போது அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கார் வந்த முதல் வாரமே காலை வாரியது. இறக்கம் முழுக்க என்ஜின் அணைந்தே வந்தது. ஈரத் தாரில் ரயர் வழுக்கிச் செல்லும் மெல்லிய ஒலி மட்டும். மலையே என்னை மூச்சுப்பிடித்துக் கீழே இறக்குவதுபோல் இருந்தது. வீட்டுக் கேட்டருகே நிறுத்தி, திறப்பதற்காக இறங்கினேன். முதுகுக்குப் பின்னால் என்ஜின் தானாக உயிர்பெற்றது. ஆளில்லாத சீட், ஆளில்லாத கார், பனிக்குள் நின்றபடி உறுமுகிறது. நிமிர்ந்தால் மனைவி வாசலில். கையிலிருந்த அகப்பையிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

இறம்பொடையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். வாய்க்காரர். காரின் முகத்தை ஆராய்ந்துவிட்டு வெற்றிலைக் காவிப் பல் தெரியச் சிரித்தார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல சேர். குளிரு. எறக்கத்துல என்ஜின் சும்மா கெடக்கு. முன்னால காத்து அடிச்சு ரேடியேட்டரு வெறச்சுப் போயிருது. நின்னதும் தனக்குத்தானே சூடு காட்டிக்குது."

"அந்தச் சூடு போகாம வைக்க முடியாதா?"

"லொறிக்காரனுங்க சாக்கு கட்டுவானுங்க. இது ஜப்பான் சீமாட்டியாச்சே, சாக்கு கட்டுனா மூஞ்சியத் தூக்கிக்குவா."

குளிர் நாடுகளில் இந்தக் காரின் கிறிலையே, காற்று உள்ளே போகும் முன்பக்கச் சட்டங்களையே, அடைத்து ஓட்டுகிறார்கள், பெற்றோலும் மிச்சமாகிறது என்று இன்டர்நெட்டில் படித்தேன். நுவரெலியாவில் ஹோட்டல்காரர்கள் சுடுதண்ணீர்க் குழாய்க்குப் போர்த்துகிற கறுப்புப் பஞ்சுக் குழாய் ஹார்ட்வெயர் கடையில் கிடைத்தது. அதை நீளவாக்கில் கீறி, கிறிலின் ஒவ்வொரு சட்டத்திலும் கவ்வவிட்டேன். இடைவெளிகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிச் சட்டத்தை மூடியதும் காரின் முகத்தில் ஒரு ஊமைத்தனம் வந்து உட்கார்ந்தது.

மெக்கானிக் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "என்னா சேர், மூக்குல பஞ்சு வச்சிட்டீங்க? வண்டி செத்தா போச்சு?"

நான் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. காலைல மேல ஏறுறப்ப கீழ் வரிசையக் கழட்டிருங்க. இல்லாட்டி என்ஜின் வெந்து மெய்யாலுமே பாடை கட்டணும்."

காலையில் கீழ் வரிசையைக் கழற்றுவேன். திரும்பும்போது மாட்டுவேன். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கு திரையில் ஏறிக்கொண்டே போனது. ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னிடம் யோசனை கேட்டார்கள். எனக்கு அது பெரிதில்லை. கேட்டருகே நிறுத்துகிறேன், இறங்குகிறேன், திறக்கிறேன், ஏறுகிறேன். கார் ஒரு வார்த்தை பேசுவதில்லை. உலகத்திலிருந்து ஒரு சத்தத்தை, ஒரே ஒரு சத்தத்தை, ஒருத்திக்காக எடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

அவளிடம் சில மாற்றங்கள். றேடியோ போடுவதை விட்டாள். அந்தக் குளிரிலும் முன்கதவைத் திறந்தே வைத்தாள். காய் நறுக்குவதை வாசற்படிக்கு மாற்றிக்கொண்டாள், பாதையைப் பார்த்தபடி. கேட்டால், "காத்தோட்டமா இருக்கு" என்பாள். இறம்பொடையில் காற்றுக்கா பஞ்சம்? மனசு தெளிந்து வெளியே வருகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணுக்குக் கீழே கறுத்து வந்ததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன், இப்போது நினைவில்லை.

ஒரு நாள் பாடசாலை நேரத்தோடு விட்டது. பனி கீழிறங்கி வந்து வேலிகளைத் தின்றுகொண்டிருந்தது. கேட் திறந்தே கிடந்ததால் நிறுத்தாமல் உள்ளே இறங்கினேன். பாதையோரக் கொடியில் அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டியபடி. கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. ஹோர்ன் அடித்தால் திடுக்கிடுவாள் என்று அடிக்கவில்லை. ஒவ்வொரு துணியாக எடுத்துத் தோளில் போட்டாள். கண்ணாடிக்குள் நான். அந்தச் சில கணங்களில், நான் உயிரோடு இல்லாமல் அவளைப் பார்க்க வந்தவன்போல இருந்தது எனக்கு.

அவள் திரும்பினாள். துணிகள் விழுந்தன.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் புள்ள."

"எவ்வளவு நேரமா நிக்குது இது?"

"இப்பத்தான்னு சொல்றேனே."

"பொய் சொல்லாதீங்க. எவ்வளவு நேரமா நிக்குது?"

இறங்கித் துணிகளைப் பொறுக்கினேன். "என்ஜின் சத்தம் ஒனக்கு ஆகாதுன்னுதானே இவ்வளவும் செஞ்சேன்?"

"ஆகாதுன்னு யாரு சொன்னா?"

"சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடுறியே."

"ஓடுறேன். பயந்துக்கிட்டா ஓடுறேன்? பாக்க ஓடுறேன்."

பிறகு, துணி மூட்டையை வயிற்றோடு அணைத்தபடி, மளிகைச் சாமான் சொல்வதுபோன்ற குரலில் சொன்னாள்.

"அன்னைக்கு அம்மா எந்திரிச்சாங்க. வண்டி நிக்குதே, யாருன்னு பாத்துட்டு வாரேன்னாங்க. முறுக்குக்கு மாவு பெசஞ்சுக்கிட்டிருந்தோம். நாந்தான், லொறிதாம்மா, ஒக்காருங்க, மாவு காஞ்சிரும்னேன். ஒக்காந்துட்டாங்க."

ஒருத்தருக்கும் தோணல தம்பி. மாமியார் அன்று என்னிடம் சொன்னது மகளுக்குப் போட்ட போர்வை. அதற்கடியில் இவள் இத்தனை வருஷம் விழித்துக்கிடந்திருக்கிறாள்.

"இனி எந்த வண்டி வந்து நின்னாலும் நான் எந்திரிச்சுப் பாக்கணும். யாருன்னு பாக்கணும். சத்தமில்லாம வந்து நின்னா எதக் கேட்டு எந்திரிக்கிறது? கதவத் தெறந்து வச்சு, நாள் பூரா ரோட்டையே பாத்துக்கிட்டு..." காரின் முகத்தைக் காட்டினாள். "இத வண்டிக்கு வச்சீங்களா, என் காதுக்கு வச்சீங்களா?"

அவளே குந்தி உட்கார்ந்து பஞ்சைப் பிடுங்கத் தொடங்கினாள். நானும் உட்கார்ந்தேன். பஞ்சுக்குப் பின்னால் சூடாக இருந்தது. ஒரு துண்டு சட்டத்தில் இறுகிக்கொண்டு வர மறுத்தது. நான் சட்டத்தை வளைத்துப் பிடிக்க அவள் இழுத்தாள். எல்லாவற்றையும் ஈரத் துணிகளோடு சேர்த்து அள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

கிலோமீற்றர் கணக்கு பழையபடி இறங்கியது. மெக்கானிக் வழிமறித்து, "என்னா சேர், சீமாட்டிக்குக் குளிராதா?" என்றார். "குளிரட்டும்" என்றேன்.

இப்போதெல்லாம் இறக்கத்தில் காற்று தாராளமாக உள்ளே போகிறது. கேட்டுக்கு வரும்போது என்ஜின் விறைத்திருக்கிறது. நான் இறங்கி நிற்கிறேன். சற்றுப் பொறுத்து அது தானாக எழுகிறது. வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் ஓசை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். என்னைப் பார்க்க மாட்டாள். கண்ணாடியில் படிந்த பனியை உள்ளங்கையால் துடைத்து, குனிந்து முன் சீட்டைப் பார்ப்பாள். சுற்றி வந்து பின் சீட்டைப் பார்ப்பாள். சில பின்னேரங்களில் அதற்கு அதிக நேரம் பிடிக்கும். உள்ளே யாரோ முகம் திருப்பி உட்கார்ந்திருப்பதுபோலவும் அவன் திரும்பட்டும் என்று இவள் காத்து நிற்பதுபோலவும் இருக்கும்.

அவள் பார்த்து முடிக்கும்வரை நான் அணைப்பதில்லை. பெற்றோல் போனால் போகட்டும்.