மேல் மலையிலிருந்து தெரிவது

மூன்று வருடம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டு அம்மா ஹல்துமுல்லைக்குத் திரும்பியபோது, கன்னமெல்லாம் உப்பி, பார்க்க அழகாக இருந்தாள். கால்கள் மட்டும் மலையை மறந்திருந்தன. அங்கே எங்கே போனாலும் லிஃப்டாம். இங்கே பீலிக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து பறிக்கப் பேர் பதிய வேண்டுமென்றால் மேல் மலைவரை ஏறியாக வேண்டும். ஏற முடியாவிட்டால் திரும்பவும் குவைத்துதான். ஏஜென்சிக்காரர் வாரம் தவறாமல் போன் எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கொண்டுவந்த பெரிய பெட்டியும் அலுமாரிக்கு மேலேயே இருந்தது.

ஆகவே தினமும் விடிந்ததும் நாங்கள் மூவரும் மலையேறினோம். ஃபெக்டரிக்குப் போகுமுன் அப்பா கங்காணி வேஷம் கட்டினார். திட்டவே தெரியாத கங்காணியை எங்கள் தோட்டம் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தது. "அந்தா, கால் நல்லா வருது புள்ள. இன்னுங் கொஞ்சந்தான்" என்று அம்மாவின் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவார். லயத்து வரிசை வீடுகளெல்லாம் வாசலில் நின்று சிரிக்கும். அவர் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. 'முடியல' என்ற சொல்லுக்கு வீட்டிலேயே தடை போட்டிருந்தார். எனக்கும் வேலை கொடுத்திருந்தார். ஏறும்போது அம்மாவுக்கு நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும், ஆனால் பொய் சொல்லக் கூடாது.

ஒரு வாரத்துக்குள் என் கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பாதி வழியில் ஒருநாள் உள்ளதைச் சொன்னேன்.

"அம்மா, நேத்த விட மெதுவா வாறீங்க."

அம்மா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "ஏஜென்சிக்காரர் போன் எடுத்தா, குவைத்துக்கு வாறேன்னு சொல்லிருங்க" என்றாள் அப்பாவிடம், தரையைப் பார்த்தபடி. அப்பா என்னைத் திட்டவில்லை.

"அதுவும் உண்மதான். வேற உண்ம ஏதாச்சும் இருக்கான்னு பாரு" என்றார்.

சுற்றும் முற்றும் பார்த்தேன். பனி விலகியிருந்தது.

"அம்மா, திரும்பிப் பாருங்க. நம்ம லயம் தீப்பெட்டி மாதிரி இருக்கு."

அம்மா திரும்பினாள். நெடுநேரம் பார்த்தாள். "இம்புட்டு மேலயா வந்துட்டோம்?" என்று கேட்டுக்கொண்டே முழங்காலைப் பிடித்து எழுந்தாள். அப்பா சிரித்த சிரிப்பு கீழே லயம்வரை கேட்டிருக்கும்.

அதன்பிறகு எனக்கு வார்த்தைப் பஞ்சமே வரவில்லை. கோயில் தெரியுது, பெரிய ரோட்டுல பஸ் போகுது, அப்புத்தளைப் பக்கத்து மலை தெரியுது என்று, ஏற ஏறச் சொல்லிக்கொண்டே போனேன். எங்கள் வீட்டில் அத்தனை சந்தோஷமான காலைகள் அதற்கு முன்பு இருந்ததில்லை.

அம்மா மேல் மலைவரை ஏறிவிட்டாள். தோட்டத்தில் அவளுக்குப் பேர் பதிந்தார்கள். அவள் முதல் நாள் வேலைக்குப் போய்வந்த மாலையில், அப்பா அந்தப் பெட்டியைக் கீழே இறக்கி, பழைய கம்பளிகளை அதில் அடுக்கினார். நான் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, நான் இல்லாமல் எப்படி ஏறினாள் என்று விசாரித்தேன்.

"நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். மேல போனா ஒன் பள்ளிக்கூடம் தெரியுது புள்ள. இன்டர்வலுக்கு எல்லாரும் வெளிய வந்தீங்க. அதுல நீ எங்க நிக்கிறேன்னு தேடுனேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே வெள்ளை யூனிபோம், அவ்வளவு தூரத்திலிருந்து வெறும் புள்ளியாகத்தான் தெரிவோம், அதிலே என்னைத் தேடினாளாம் என்று கேலி செய்தேன். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். புள்ளிகூடத் தெரியாத இடத்திலிருந்து மூன்று வருடம் என்னைத் தேடியவளுக்கு அது எவ்வளவு பக்கம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.