அம்மா வாங்கிக்கொண்ட சோறு

எங்கள் அம்மா கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் மகள்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். புகழ்ந்து எழுத எனக்கு வராது. அம்மாவுக்கும் அது பிடிக்காது. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது மண்ணூரில், ஓர் இந்துக் குடும்பத்தில். கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறியபோது, குறை சொல்லத்தான் சுற்றிலும் ஆள் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, கடவுள் உன்னிடம் எதையும் எதிர்பார்க்காமல் உன்னை நேசிக்கிறார் என்று சொன்னாராம். அந்த வார்த்தையை அம்மா விடவே இல்லை. நான் பிறந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்பா தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. அப்பா இறந்ததும், ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்த்து அம்மாதான் என்னைப் படிக்க வைத்தார்கள்.

எங்கள் சபையில் பிடியரிசி எடுக்கும் வழக்கம் உண்டு. உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே மூட்டையில் சேரும். ஆராதனை முடிந்ததும் அதைச் சமைத்து, வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் உடம்பு முடியாமல் கிடக்கிற தொழிலாளர்களுக்குக் கேரியரில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சமையல் அம்மாவின் பொறுப்பு. ஷேர் ஆட்டோவில் தண்டலம் வரைக்கும் கேரியரோடு அலைந்ததும் அவர்கள்தான். வீட்டில் அரிசி பற்றாமல் போகிற மாதத்திலும் அந்தப் பிடி சிறுத்ததில்லை. எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவுக்கு வாயும் கொஞ்சம் நீளம். குழம்பு உறைக்கவில்லை என்று சொன்ன காய்ச்சல்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டு, மறுவாரம் அவருக்கு ஊறுகாயோடு போனார்கள்.

பிறகு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, உலை வைக்கும் நேரத்தில் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. நான் ஒரு பிடி எடுத்து வைத்தேன். அது உன்னுடையது, என்னுடையது ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு சபையின் கேரியர் எங்கள் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்தவள் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே செல்போன் கம்பெனியில் வேலை செய்கிற பெண். சபையைச் சேர்ந்தவள் அல்ல. மஞ்சள் காமாலையில் கிடந்தபோது அம்மா கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டவள், அதிலிருந்து கேரியர் தூக்க வந்துவிடுவாள். அம்மா அதைத் தொடவில்லை.

"இது இல்லாதவங்களுக்கு ஆக்குன சோறு. எடுத்துகினு போ."

ஒவ்வொரு ஞாயிறும் அவள் கொண்டுவந்தாள். அம்மா திருப்பி அனுப்பினார்கள். ஜெபம் செய்வதும் நின்றுபோனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அவரு எம்மேல அன்பு வச்சாரு, நானும் எதுனா செஞ்சிகினு இருந்தேன். இப்போ வெறுங்கையோட இன்னா மூஞ்ச வச்சிகினு அவராண்ட போய் நிக்கிறது?"

நான் ஜெபத்தில் பழக்கமில்லாதவள்.

இசக்கியம்மாள்தான் பதில் சொன்னாள். ஒரு ஞாயிறு ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு வந்தவள், கேரியரைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"நான் கெடந்தப்ப என் கையில என்னம்மா இருந்துச்சு? ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதான வந்திய?"

அம்மா, "கேரியரத் தொற. நானும் இல்லாதவதான்" என்றார்கள். அவள் பிசைந்து ஊட்டினாள். அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். எனக்கும் அழுகை வந்தது.

அன்று மாலையே ஜெபம் மறுபடி தொடங்கியது. முன்பெல்லாம் யார் யாருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதே அதில் பாதி இருக்கும். இப்போது நன்றி மட்டும்தான். கடைசிவரை அப்படியே இருந்து, ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயாவுக்கும், வேறு முறையில் கும்பிடுகிறவர்களாக இருந்தும் கல்லறை வரை வந்து நின்ற பெரியப்பா குடும்பத்தாருக்கும், இசக்கியம்மாளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஞாயிறுதோறும் அம்மா சாப்பிட்டது சபையின் அரிசி. அதில் யார் வீட்டுப் பிடி அம்மாவின் தட்டுக்கு வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன்: எங்கள் அம்மாவுக்கு நீங்கள் சோறு போட்டீர்கள். நன்றி.