அந்த இடத்துக்கு மட்டும் மருந்து

ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறைக்குள் ஒரு சாவிக்கொத்து கிடக்கிறது. ஐந்து சாவிகள், அவற்றோடு ஒரே வளையத்தில் கோத்த சின்ன ஸ்பானர். திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்த சித்தி வீட்டுத் தறிப்பட்டறையின் சாவிகள் அவை. பட்டறையை விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் பூட்டையும் மாற்றியிருப்பார்கள். ஆனாலும் தூக்கிப்போட மனசு வரவில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவருக்கு வலிப்பு உண்டு. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே போனால் அந்த வேலை என்னுடையது. தறிச் சத்தத்தையும் மீறிச் சித்தப்பா "சாவி, சாவி" என்று கத்துவார். ஆணியில் தொங்கும் கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி, சித்தியின் விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பேன். இரண்டு நிமிடத்தில் உடம்பு தளரும். நான்தான் நிறுத்தினேன் என்று எனக்கு ஒரே பெருமை. அது பெரும்பாலும் தானாகவே நிற்கும் என்பதைப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரை வலிப்பை அடக்கியது, கூடவே சித்தியையும் அடக்கிவிட்டது. இழை அறுந்தது தெரியாமல் தறி முன்னால் நின்றபடியே கண்ணயர்வார். கை நடுங்கி முடிச்சுப் போட வராது. நான் கல்லூரியில் படிக்கையில் ஒருநாள் காபி ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏஞ்சாமி, கோளாறு மண்டைக்குள்ள ஒரு எடத்துலதான? மருந்து மட்டும் எதுக்கு உள்ளங்கால் வரைக்கும் போகோணும்? அந்த எடத்துக்கு மட்டும் குடுக்க முடியாதா?"

அந்தக் கேள்விதான் என்னை இந்த வேலைக்கு இழுத்துவந்தது. மூளைக்குள் வைக்கிற மயிரிழை போன்ற மின்முனை, அதன்மேல் மின்சாரம் கடத்தும் பாலிமர் பூச்சு, பூச்சுக்குள் மருந்து. துளி மின்சாரம் கொடுத்தால் பூச்சு மருந்தை அங்கேயே விட வேண்டும். சொல்வதற்கு எளிது. பூச்சு உரிந்தது. முதல் தடவையே மருந்தெல்லாம் கொட்டித் தீர்ந்தது. சில சமயம் மின்சாரம் கொடுக்காமலே கசிந்தது. பல வருடம் கழித்து ஒரு மதியம், கண்ணாடிக் கிண்ணத்து உப்புநீரில், நான் கொடுத்த ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து இறங்கியது. கிண்ணத்தில்தான். எலிக்குக்கூட அப்போது வைத்துப் பார்க்கவில்லை.

நான் ஓர் அவசரக்குடுக்கை. உடனே சித்திக்குப் போன் போட்டேன். "சித்தி, நீங்க கேட்டது வந்துருச்சுங்க. அந்த எடத்துக்கு மட்டும் மருந்து."

"நெசமாவா சாமி? அப்ப இந்தச் சனியனத் திங்க வேண்டாமா?"

"இன்னுங் கொஞ்ச நாள்தாங்க சித்தி."

சந்தோஷத்தில் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மனிதர் தலைக்குள் போக எத்தனை வருடமாகும், போகுமா என்பதே எனக்குத் தெரியாது. அதைச் சொல்லவில்லை. தறிக்காரருக்குக் கொஞ்ச நாள் என்றால் தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் நெய்து முடிகிற சில வாரம். சித்தி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். புதுசுதான் வருகிறதே என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார்.

சித்தப்பா பாவு எடுத்துவரப் போயிருந்த ஒரு காலையில் வலிப்பு வந்தது. அவர் திரும்பியபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சித்தி கீழே கிடந்தார். உயிர் இல்லை. மாத்திரை அட்டைகள் அலமாரியில் பிரிக்காமல் இருந்தன.

நான் போனபோது சித்தப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பத்துப் பதினஞ்சு நாளா மொகமே தெளிஞ்சிருந்துச்சு சாமி, பழைய ஆளாட்ட இருந்தா," என்றார். பிறகு சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். "இதப் புடிச்சுட்டுத்தாங் கெடந்தா. வாரது தெரிஞ்சிருக்கும். குடுக்க ஆளில்லீன்னு அவளே போயி எடுத்திருக்கா."

எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது எலிகளில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சில நாள் சரியாக வருகிறது, சில நாள் இல்லை. போன வாரம், எங்கள் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். மகளுக்கு வலிப்பாம். "எப்பங்க வரும்?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. வராமலும் போகலாம். மாத்திரைய மட்டும் ஒருநாள்கூட விட்டுறாதீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. நான் இழுப்பறைக்குள் கைவிட்டுச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டேன். அது எதையும் நிறுத்தாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவர் எழுந்து போகும்வரை கையை எடுக்கவில்லை.