முப்பத்தொன்றாம் கணையம்

இது கட்டிய கதை அல்ல. மினசோட்டாவில், மாரிட் ஸ்டென்செத் என்ற பெண்ணுக்கு நடந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் சொல்வதற்கில்லை. பேய் வழக்குப் போடாது, பல்கலைக்கழகம் போடும்.

வயது ஏற ஏறக் கணையம் என்ன ஆகிறது என்பதுதான் மாரிட்டின் முனைவர் பட்ட ஆய்வு. இறந்தவர்களின் குடும்பங்கள் தானமாகக் கொடுத்த கணையம் ஐஸ் பெட்டியில் வந்து சேரும். அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, தட்டில் இளஞ்சிவப்பு ஊட்டநீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் இன்குபேட்டருக்குள் வைப்பார்கள். ஆள் மண்ணுக்குள் போன பிறகும் அவை சில நாள் உயிரோடிருக்கும். சர்க்கரை விட்டால் இன்சுலினைச் சுரந்து பதில் சொல்லும். கொடுத்தவரின் பெயர் ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது. வயதும் ஓர் எண்ணும்தான்.

வழிகாட்டி, பேராசிரியர் வின்ஸ்லோ பெட்டிபோன். அறுபதைத் தாண்டினால் கணையம் சர்க்கரையை மறந்துவிடுகிறது, வரைபடத்தில் கோடு வளைந்து கீழே விழுகிறது என்று கண்டுபிடித்தவர். அதற்குப் பெட்டிபோன் வளைவு என்று பெயர். மற்றவர்கள் வைக்கட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அவரே வைத்தது. காபிக் கோப்பையில் அந்த வளைவு. கழுத்துப்பட்டையில் அந்த வளைவு. அவருக்கு எழுபத்திரண்டு வயது; தன் கணையத்தைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

ஜனவரியில் முப்பத்தொன்றாம் கணையம் வந்தது. பெண். வயது எண்பத்து மூன்று. சர்க்கரை விட்டாள் மாரிட். இருபது வயதுக்காரியின் கணையம் போலப் பதில் வந்தது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் அதே துள்ளல். கோடு வளையவே இல்லை.

பெட்டிபோன் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கிழவியா, குமரியா இது? தட்டு கெட்டுப்போயிருக்கும்."

"இல்லை ப்ரொஃபசர். நல்லா உயிரோட இருக்கு. நானே பார்த்தேன்."

"மாரிட், மார்ச்ல உனக்கு வாய்மொழித் தேர்வு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப, கெட்டுப்போச்சு."

அந்தத் தொழிலில் இதைப் பொய் என்று சொல்வதில்லை. 'விலகிய புள்ளி' என்பார்கள். தானாகவே எழுந்து நடந்து போனது போல. வெள்ளிக்கிழமை காலை, கதவைச் சாத்திக்கொண்டு, மாரிட் அந்தத் தட்டுகளில் பிளீச் ஊற்றினாள். 'செல்கள் இறந்த நிலையில் வந்தன' என்று கணினியில் பதிவு செய்தாள். வெளியே வந்து கையைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

திங்கட்கிழமை ஆரம்பித்தது.

எல்லாச் சோதனைக்கும் பக்கத்தில் ஒரு வெறும் தட்டு வைப்பது வழக்கம். ஊட்டநீர் மட்டும் இருக்கும். செல் எதுவும் இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க. ஊட்டநீர் இளஞ்சிவப்பாகவே இருக்க வேண்டும். உயிருள்ள ஏதாவது அதற்குள் தின்றுகொண்டிருந்தால்தான் மஞ்சளாகும்.

வெறும் தட்டு மஞ்சளாக இருந்தது.

"கிருமி விழுந்திருக்கும். உன் கைச்சுத்தம் அப்படி" என்றான் பக்கத்து மேசை டெஸ்மண்ட். "அடுத்த தடவை மூக்கைச் சீந்திட்டுத் தட்டைத் தொடு, தாயே."

கிருமி விழுந்தால் நீர் கலங்கும். இது பளிங்கு போலத் தெளிவாக இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள்.

மறுநாளும் மஞ்சள்.

அதற்கு மறுநாளும்...

ஒரு மாலை. நாலரைக்கே இருட்டிவிடும் மாதம். டெஸ்மண்ட் காரின் மேல் விழுந்த பனியை வழிக்கப் போயிருந்தான். மாரிட் அந்த வெறும் தட்டில் ஒரு சொட்டு சர்க்கரை நீர் விட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. அளவுக் கருவியில் வைத்தாள்.

இன்சுலின் ஏறியது.

ஒரு செல்கூட இல்லாத தட்டில்... ஏறியது. அந்தத் துள்ளலை அவளுக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும்.

தட்டை இன்குபேட்டருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே ஒரு சத்தம்.

மடக்... மடக்...

யாரோ தண்ணீர் குடிப்பது போல.

நின்றது.

மறுபடியும்... மடக்.

குளிர் மேலங்கியைக்கூட எடுக்காமல் பனிக்குள் ஓடினாள்.

யாரிடம் சொல்ல? பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால் வளைவு போகும். வளைவு போனால் ஐந்து வருடமும் போகும். வாயை மூடிக்கொண்டாள்.

மார்ச்சில் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "ஏதாவது கணையத்தைக் கணக்குல சேர்க்காம விட்டிருக்கீங்களா?"

மாரிட்டின் தொண்டைக்குள் பிளீச் வாடை அடித்தது. பெட்டிபோன் தன் கழுத்துப்பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "செத்து வந்தது."

கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள், அதன் மேலும் வளைவு. 'டாக்டர் ஸ்டென்செத்!' என்று டெஸ்மண்ட் கத்தினான். அவள் மட்டும் நழுவிப் போய் இன்குபேட்டரைத் திறந்தாள்.

வெறும் தட்டு காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

அதன் பிறகு எந்த வெறும் தட்டும் மஞ்சளாகவில்லை. குடித்த வரை போதும் என்பது போல.

ஏப்ரலில், தானம் கொடுத்த குடும்பங்களுக்குப் பல்கலைக்கழகம் வருடாவருடம் நடத்தும் நன்றிக் கூட்டம். காபி, எலுமிச்சைக் கேக், பெட்டிபோனின் நீண்ட உரை. பிறகு ஆர்லீன் என்ற அம்மாள் எழுந்து பேசினாள்.

"எங்கம்மாவுக்கு எண்பத்து மூணு வயசு. ஜனவரில, உறைஞ்ச ஏரில தூண்டில் போடப் போய், வழுக்கி விழுந்து தலைல அடிபட்டுப் போயிட்டா. கல்லீரலை இதோ, இந்த டுவெய்ன் வாங்கிக்கிட்டார். கணையம் மட்டும் செத்துப்போச்சு, ஆராய்ச்சிக்கு உதவலைன்னு போன்ல சொன்னாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா. மீன் தலையைக்கூட வீணாக்க மாட்டா."

அந்த ஜனவரியில் எண்பத்து மூன்று வயதில் வந்த கணையம் ஒன்றுதான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் மாரிட் எழுந்து போனாள். ஆனால் வாயில் வந்தது, "உங்கம்மாவுக்கு ரொம்ப நன்றிங்க" என்பது மட்டும்.

பக்கத்தில் இருந்த டுவெய்ன் கேக்கைக் கீழே வைத்தார். பனி வழிக்கும் லாரி ஓட்டுபவர். மலை போன்ற ஆள்.

"ஏம்மா... இன்னொரு தடவை பேசு."

"என்ன... என்ன பேசணும்?"

"இதே குரல்தான்." அவர் முகம் வெளுத்திருந்தது. "ஆபரேஷன் ஆன வாரம், வெள்ளிக்கிழமை காலைல. ஆஸ்பத்திரில படுத்திருக்கேன். திடீர்னு வயித்துக்குள்ள ஒரே எரிச்சல். அப்ப ஒரு பொண்ணு காதுக்கிட்ட சொன்னா... 'மன்னிச்சிடுங்க, நீங்க இருந்தா கோடு வளையாது'ன்னு. என்ன கோடோ, என்ன எழவோ! மருந்து மயக்கம்னு நர்ஸ் சிரிச்சா."

 பிளீச் ஊற்றும்போது மாரிட் முணுமுணுத்தது அது. ஒரு சொல்கூட மாறவில்லை. அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

"நீங்க... திரும்ப ஏதாவது சொன்னீங்களா?"

"நான் வாயே திறக்கலையே!"

"திறந்தீங்க" என்றாள் அருகில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, மெல்ல. "நான் பக்கத்துலதானே இருந்தேன். 'ஊத்தாதே, பொண்ணே, நான் உயிரோடதான் இருக்கேன்'னு சொன்னீங்க. உங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லலை. ஏன்னா..."

அவள் ஆர்லீனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது உங்க குரல் இல்லை. ஒரு வயசான பொம்பளையோட குரல்."