கூரையில் தொங்கிய கோட்டு

சின்னவள் ஜெயித்தவை பல. கால் சூம்பிப்போய்ப் படுத்த படுக்கையாகக் கிடந்தவளை, இவள் இனி நடக்கவே மாட்டாள் என்றார் டாக்டர். அவருடைய ஆஸ்பத்திரிப் படியிலேயே ஏறிப்போய் அவர் மூக்கை உடைத்தாள். நொண்டிக்கு வேலை இல்லை என்ற சுரங்கத்தில், தொழிலாளர்கள் உடை மாற்றும் கூடத்தைப் பெருக்கும் வேலையை வாங்கினாள். கணவனைக் குடியை விட வைத்தாள். அவர் போன பிறகு, ஒற்றை ஆளாக இரண்டு பெண்களையும் நர்ஸாக்கினாள். அடிவாரத்தில் யாரும் சீந்தாத கல்லுக்காட்டை வாங்கி உருளைக்கிழங்கு விளைவித்தாள். இதையெல்லாம் சொல்லும்போது அவளுடைய அக்கா தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். இரைச்சலில் ஒரு வார்த்தைகூட வீணாகிவிடக் கூடாது.

ஜெயிக்காதது ஒன்றும் இருந்தது. படுக்கையில் கிடந்த காலத்தில் பள்ளிக்கூடம் போனது போனதுதான். எழுந்த பிறகு பொடிசுகளோடு உட்கார ரோஷம் விடவில்லை. அறுபது வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டப் பழகியும், வெளியிடங்களில் கட்டைவிரலைத்தான் நீட்டினாள்.

"நாலு பேர் பாக்கும்போது கை நடுங்குதுக்கா" என்பாள்.

சுரங்கம் மூடி, ஊரும் காலியாகி ஏறக்குறைய நாற்பது வருடம். அந்தக் கூடத்தைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள், பொருள் இருப்பவர்கள் அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று காதில் விழுந்ததுமே சின்னவள் அக்காவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அங்கே, அதே சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவின் கோட்டு இருந்தது.

அந்தக் கூடத்தில் அலமாரி கிடையாது. ஆளுக்கொரு சங்கிலி, அதன் நுனியில் கொக்கி. உடையை மாட்டி இழுத்தால் கூரைவரை போய்விடும். மேலே சூடு தங்குவதால் ஈரம் காயும். சங்கிலியின் கீழ்முனையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். இரண்டு மாதத்தில் திறந்துவிடுவோம் என்ற மேனேஜரின் பேச்சை நம்பி, எல்லோரும் வேலை உடையை மேலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதன் பிறகு கம்பெனி யாரையும் உள்ளே விடவில்லை. அப்பா தன் கடைசிக் குளிர்காலத்தில், எத்தனை கம்பளி போர்த்தினாலும் அந்தக் கோட்டைத்தான் கேட்டார். "கொண்டாந்துடறேன்ப்பா" என்றாள் சின்னவள். அதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

ஊருக்குள் நடந்தார்கள். ரொட்டிக்கடை அடுப்புக்குள் புல் முளைத்திருந்தது. குழாயடியில் சின்னவள் நின்றாள்.

"இங்கதானே ஒரு சைக்கிள்காரன் தலையில நீ தண்ணிய ஊத்துன?"

"தெரியாம கொட்டிடுச்சுடி."

"கல்யாணமும் தெரியாமத்தான் பண்ணிக்கிட்டியா?"

அக்கா சிரித்தாள். மாமாவின் அந்த நனைந்த முகம் இருவருக்கும் தெரிந்தது.

கூடத்தின் கூரை முழுக்க வௌவால்களைப் போல உடைகள் தொங்கின. தூண்களில் எழுதிய சங்கிலி எண்கள் அழிந்திருந்தன. அக்கா கண்ணாடியை மாட்டித் தூண் தூணாகத் தேட, சின்னவள் நேராக ஜன்னலோரம் போய்விட்டாள்.

"இங்கதான் அப்பா பூட்ஸைத் தட்டுவாரு. கரி அப்பிக்கிடக்கும். அப்பான்னுகூடப் பாக்காம எத்தன தடவ திட்டியிருக்கேன்!"

துணைக்கு வந்த காவலாளி சுத்தியலை ஓங்கினார். "துருப்பிடிச்ச பூட்டும்மா. ஒரே போடு."

"கை வெச்சுப் பாருங்க!" சின்னவள் கழுத்துக் கயிற்றிலிருந்து அப்பாவின் சாவியை எடுத்தாள். அக்கா பையிலிருந்து மெஷின் எண்ணெயை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பூட்டு மனமில்லாமல் திறந்தது.

பாதியில் சங்கிலி சிக்கிக்கொண்டது. கோட்டு அந்தரத்தில் ஆடியது. சின்னவள் நல்ல காலைப் பெஞ்சில் ஊன்றினாள். அக்கா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரே இழுப்பு. சங்கிலி கடகடவென்று ஓட, புழுதியோடு கோட்டு இருவர் தலையிலும் விழுந்தது.

சின்னவள் அதில் முகத்தைப் புதைத்தாள்.

"அப்பா வாசனை வருதாடி?"

"எலி வாசனை வருது."

சிரித்தார்கள். பிறகு அக்கா கோட்டின் புழுதியைத் தட்டினாள்.

வாசலில் காவலாளி நோட்டை நீட்டினார். "பொருள வெளிய எடுத்துட்டுப் போறவங்க கையெழுத்துப் போடணும். இல்லேன்னா என் தலைதான் உருளும்." சின்னவள் தயங்குவதைப் பார்த்து மைப்பெட்டியை நகர்த்தினார். "ரேகை வெச்சாலும் சரிம்மா."

அக்கா பேனாவைத் திறந்தாள். "நான் போடறேன். மூத்தவ நான்தானே."

"அப்பாகிட்ட சொன்னது நான்க்கா."

சின்னவள் கோட்டைப் போட்டுக்கொண்டாள். கை விரலையும் தாண்டித் தொங்கிய ஸ்லீவை மடித்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். இடிப்பதற்கு முன் அளவெடுக்க வந்த ஆட்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நடுங்கத்தான் செய்தது. முதல் எழுத்து நோட்டின் வரிக்கு மேலே ஏறியது, அடுத்தது கீழே இறங்கியது. ஊசியில் நூல் கோப்பவளைப் போல அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயரில் ஒரு எழுத்தும் விட்டுப்போகவில்லை.

நாலு பேர் பார்க்க அவள் முதல் கையெழுத்துப் போட்ட நாள், 2019 நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை.